குழாயின்றி மூச்சுக்குத் துணை: கடுமையான வைரஸ் நிமோனியாவில் உறவினர்கள் அறிய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களைக் கண்டதும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “டாக்டர், மெஷின் வைத்துவிட்டீர்களா?” கேள்வி சிறியதாயினும் அதன் பின்னால் நிற்கும் அச்சம் பெரியது. மெஷின் வைத்தவர் வீடு திரும்புவதில்லை என்று எவரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். அல்லது தம் குடும்பத்திலேயே அத்தகைய இழப்பைக் கண்டிருப்பார்கள். கோவிட் பெருந்தொற்றுக் காலம் அந்த அச்சத்தை மேலும் ஆழமாக வேரூன்றச் செய்துவிட்டது.

மூச்சுக்குத் துணைசெய்யும் கருவிகள் பலவகைப்படும். தொண்டை வழியாகக் குழாய் செலுத்தி, நோயாளியை மயக்கத்தில் வைத்து அளிக்கும் வெண்டிலேட்டர் சிகிச்சை அவற்றுள் கடைசிப் படியாகும். அதற்கு முன்னர், நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கின் வழியாகவோ முகக்கவசத்தின் வழியாகவோ அளிக்கக்கூடிய துணைகள் உள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவ்வளவு உதவுகின்றன, எங்கே அவற்றின் எல்லை முடிகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம். நள்ளிரவில் ஒரு முடிவை எடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு நேருமாயின், இவற்றை முன்னரே அறிந்திருப்பது பெரிதும் துணைபுரியும்.

நுரையீரலுக்குள் நிகழ்வது

நமது நுரையீரல்களில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொரு காற்றறையையும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த மெல்லிய சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்திலுள்ள கரியமில வாயு அதே வழியாக வெளியேறுகிறது.

இன்ஃபுளுயன்சா, கோவிட், ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் நுரையீரலின் ஆழத்தை எட்டும்போது அச்சுவர் வீங்குகிறது. காற்றறைகளுள் நீரும் அழற்சிப் பொருள்களும் நிரம்புகின்றன. சில அறைகள் முற்றிலும் சுருங்கி மூடிக்கொள்கின்றன. மூடிய அறையைச் சுற்றியோடும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலேயே இதயத்திற்குத் திரும்புகிறது. இத்தகைய அறைகள் மிகும்போது, நோயாளி எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு உயர்வதில்லை.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அந்த அளவைக் காட்டுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970களில் வகுத்த தத்துவத்தின்மீது அமைந்த கருவி இது. நலமாக இருப்பவர்க்குப் பொதுவாக 95 முதல் 100 வரை காட்டும். ஆனால் இதனை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. கைகள் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலும் அளவு பிறழக்கூடும். கருநிறத் தோலுடையவர்க்கு இக்கருவி சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டுவதாக 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று சுட்டியது. ஆகவேதான் ஐயம் எழும்போது மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து நேரடியாக அளக்கிறோம். “விரலில் மாட்டிப் பார்க்கிறீர்களே, பிறகு ஏன் ஊசி?” என்று கேட்போர்க்கு இதுவே எங்கள் விடை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தபின்னும் சில நோயாளிகள் திணறலின்றி அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். கோவிட் நோயில் இதைப் பலமுறை கண்டோம். “நன்றாகத்தானே பேசுகிறார்” என்று உறவினர்கள் சொல்வதும், நாங்கள் கவலையோடு நிற்பதும் அப்போதைய வழக்கமாக இருந்தது. எனவே ஆக்சிஜன் அளவோடு மூச்சின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்கிறோம். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது 30ஐத் தாண்டுமானால், அவர் முகத்தில் வேதனை தெரியாவிடினும், உடல் தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

துணையின் படிகள்

முதற்படி, எல்லோரும் அறிந்த ஆக்சிஜன். மூக்கில் செருகும் சிறுகுழாய் வழியாக நிமிடத்திற்கு 5 அல்லது 6 லிட்டர் வரையிலும், பையுடன் கூடிய முகக்கவசம் வழியாக 15 லிட்டர் வரையிலும் அளிக்கலாம். மிதமான நோய்க்கு இது போதும்.

கடும் நோயில் இது ஏன் போதாமற் போகிறது? அமைதியாக மூச்சு விடும்போது காற்றை உள்ளிழுக்கும் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 லிட்டர். திணறும்போது அது 60 லிட்டரையும் தாண்டும். நாம் 15 லிட்டர் கொடுக்கிறோம். எஞ்சியதை நோயாளி அறையிலுள்ள காற்றிலிருந்தே இழுத்துக்கொள்கிறார். அறைக்காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆகவே கொடுக்கும் ஆக்சிஜன் நீர்த்துப்போகிறது.

இரண்டாம் படியான உயர்வேக நாசிக் குழாய் இக்குறையைத் தீர்க்கிறது. ஆக்சிஜனும் காற்றும் கலந்த கலவையை உடல் வெப்பத்திற்கு, அதாவது ஏறத்தாழ 37 டிகிரிக்குச் சூடாக்கி, முழு ஈரப்பதத்துடன், நிமிடத்திற்கு 60 லிட்டர் வரை இக்கருவி செலுத்துகிறது. நோயாளி இழுக்கும் வேகத்திற்கு இது ஈடுகொடுக்கிறது. தொண்டையிலும் மூக்கிலும் தங்கியிருக்கும் பழைய காற்றை வெளியே தள்ளுகிறது. காற்றறைகளுக்குச் சிறிதளவு அழுத்தமும் கிடைக்கிறது. காற்று ஈரமாக இருப்பதால் மூக்கு வறள்வதில்லை, சளி கட்டிப்படுவதில்லை. வாய் மூடப்படாமையால் நோயாளி பேசலாம். மருத்துவர் ஒப்புதலளித்தால் சிறிது உண்ணவும் செய்யலாம்.

மூன்றாம் படி சிபாப். முகத்தோடு இறுகப் பொருந்தும் கவசத்தின் வழியாக ஒரே அளவான அழுத்தத்தை இடைவிடாது அளிப்பது இதன் வேலை. முழுவதும் சுருங்கிய பலூனை ஊதத் தொடங்குவது கடினம். சிறிது காற்றிருக்கும் பலூனை மேலும் ஊதுவது எளிது. மூச்சை வெளிவிட்ட பிறகும் காற்றறைகள் முழுவதும் மூடிக்கொள்ளாதபடி சிபாப் தாங்கிப் பிடிக்கிறது. வழக்கமாக 5 முதல் 15 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைக்கிறோம். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலைப் பத்துச் சென்டிமீட்டர் ஆழத்திற்கு அமிழ்த்தி ஊதிப் பாருங்கள். குமிழி எழுவதற்குத் தேவைப்படும் விசையே பத்துச் சென்டிமீட்டர் நீரழுத்தம். சிறிய விசைதான், ஆயின் ஒவ்வொரு நொடியும் தொடர்ந்து இருப்பதால் அது பயன் தருகிறது.

பைபாப் என்பது இரண்டு அழுத்தங்களைக் கொண்டது. மூச்சை உள்ளிழுக்கும்போது கூடுதலாகவும் வெளிவிடும்போது குறைவாகவும் அழுத்தம் மாறுகிறது. நெடுநாள் புகைத்ததால் நுரையீரல் பழுதடைந்தவர்க்கும், கரியமில வாயு உடலில் தேங்குவோர்க்கும், இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்தவர்க்கும் இது மிகவும் உதவும். அத்தகைய நோய் எதுவுமின்றி வைரஸ் நிமோனியா மட்டும் உள்ளவர்க்கு இதனை எச்சரிக்கையோடு கையாள்கிறோம். ஒவ்வொரு மூச்சிலும் மிகுதியான காற்று புகுந்தால், ஏற்கெனவே வீங்கியிருக்கும் நுரையீரலின் நலமான பகுதிகளும் இழுபட்டுப் புண்ணாகக்கூடும்.

முகக்கவசத்திற்கு மாற்றாகத் தலை முழுவதையும் மூடி, கழுத்தருகே இறுகும் ஒளிபுகும் தலைக்கூடும் உண்டு. இத்தாலிய மருத்துவமனைகளில் இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. மூக்கின்மேல் புண் உண்டாகாது, காற்றுக் கசிவும் குறைவு. இரைச்சல்தான் சற்று மிகுதி.

இவற்றுள் எதுவும் வைரஸை அழிப்பதில்லை. நுரையீரல் தானே ஆறும்வரை உடலைத் தாங்கி நிற்பதே இவற்றின் பணி. இன்ஃபுளுயன்சாவுக்கு ஓசெல்டாமிவிர் போன்ற மருந்துகளை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. கோவிட் நோயில் ஆக்சிஜன் தேவைப்படும் நிலையிலிருப்போர்க்கு டெக்சாமெத்தசோன் உயிர்காக்கும் என்று 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு நிறுவியது. ஆனால் அதே ஸ்டீராய்டை எல்லா வைரஸ் நிமோனியாவுக்கும் பொருத்த இயலாது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்வது தீங்காகவும் முடியலாம்.

இம்முறைகள் வந்த வழி

காற்றை அழுத்தத்தோடு உட்செலுத்தி உயிர்காக்கலாம் என்பதைப் பரந்த அளவில் மெய்ப்பித்தது 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பரவிய இளம்பிள்ளைவாதம். மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தலாம் என்று மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். போதிய இயந்திரங்கள் இல்லை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து பையை அமுக்கிக்கொண்டேயிருந்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான் எனலாம்.

குழாயின்றியே அழுத்தம் கொடுக்கும் முறை பின்னர் வளர்ந்தது. உறக்கத்தில் மூச்சு தடைப்படுவோர்க்காக ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் மூக்குக்கவசம் வழியான சிபாப் முறையை 1981இல் வெளியிட்டார். இன்று நிமோனியா நோயாளியின் முகத்தில் நாம் காணும் கவசம் அந்த வழியில் வந்ததே.

ஆய்வுகள் கூறுவது

இக்கருவிகளால் எவ்வளவு பயன் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம்.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 310 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், உயர்வேக நாசிக் குழாயினால் வெண்டிலேட்டர் தேவை ஐயத்திற்கிடமின்றிக் குறைந்ததாகக் காட்ட இயலவில்லை; ஆயினும் 90 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, மற்ற முறைகளைவிட அதில் குறைவாக இருந்தது. பிரிட்டனில் கோவிட் நோயாளிகள் 1,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், 30 நாள்களுக்குள் குழாய் தேவைப்பட்டவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டனர். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேரும், சிபாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரும் அந்நிலையை அடைந்தனர். இந்த வேறுபாடு பெரும்பாலும் குழாய் தேவைப்பட்டோர் எண்ணிக்கை குறைந்ததால் வந்தது. அதே ஆய்வில் உயர்வேக நாசிக் குழாய் சாதாரண ஆக்சிஜனைவிட மேலானதாகத் தெரியவில்லை. இத்தாலியில் 109 நோயாளிகளிடம் தலைக்கூட்டையும் உயர்வேக நாசிக் குழாயையும் ஒப்பிட்டபோது, குழாய் தேவைப்பட்டோர் முறையே நூற்றுக்கு 30, 51 என இருந்தனர். ஆயினும் மூச்சுத் துணையின்றிக் கழிந்த நாள்களின் எண்ணிக்கையில், அதாவது ஆய்வின் முதன்மை அளவீட்டில், வேறுபாடு தெரியவில்லை.

இவற்றிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறுகிறோம். குழாயில்லாத் துணையால் பலர் வெண்டிலேட்டரைத் தவிர்க்கின்றனர். அவ்வாறே, சிறந்த முறையில் அளித்தாலும் மூவரில் ஒருவர்க்கேனும் அது போதாமற் போகக்கூடிய அளவுக்கு இந்நோய் கொடியது. “இந்த மாஸ்க் போட்டால் சரியாகிவிடுமா?” என்று நீங்கள் கேட்கும்போது நாங்கள் உறுதி கூறாமல் தயங்குவது இதனாலேயே.

குப்புறப் படுத்தல்

செலவில்லாத ஒரு சிகிச்சையும் உண்டு. மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிறும் நுரையீரலின் பின்பகுதியை அழுத்துகின்றன. குப்புறப் படுத்தால் அப்பகுதி விரிகிறது. அங்கே இரத்த ஓட்டமும் மிகுதியாக இருப்பதால் ஆக்சிஜன் கலப்பது சீராகிறது. விழித்திருக்கும் கோவிட் நோயாளிகள் 1,100க்கும் மேற்பட்டோரிடம் ஆறு நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், குப்புறப் படுத்தவர்களில் சிகிச்சை தோற்றது நூற்றுக்கு 40 பேர்க்கு. வழக்கமான முறையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 46 பேர்க்கு.

ஆறு பேர் என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். ஒரு தலையணையும் சிறிது பொறுமையும் மட்டுமே கேட்கும் சிகிச்சைக்கு அது பெரிய பயனாகும். கழுத்து வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்று நோயாளிகள் எழுந்துவிடுகிறார்கள். மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை வைத்துக் கொடுப்பதும், “இன்னும் அரை மணி நேரம் இப்படியே இருங்கள் அப்பா” என்று தொலைபேசியிலாவது சொல்வதும் நீங்கள் ஆற்றக்கூடிய மருத்துவமே. கர்ப்பிணிகள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், முதுகெலும்புக் காயமுற்றவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதனைச் செய்ய வேண்டும்.

முகக்கவசத்திற்குள் இருப்பவரின் நிலை

சிபாப் கவசத்தை முதன்முறை அணிபவர்க்கு ஓடும் பேருந்தின் சன்னலில் முகம் நீட்டியதுபோல் இருக்கும். மூச்சுமுட்டும் வேளையில் முகத்தை மூடினால் அச்சம் மிகுவது இயல்பு. முதல் அரை மணி நேரமே மிகக் கடினமானது. அப்போது செவிலியர் அருகில் அமர்ந்து, முதலில் கையால் கவசத்தைப் பிடித்துப் பழக்கி, குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்.

கவசம் காற்றுக் கசியாமல் பொருந்துவதற்காகச் சிலவற்றைக் கேட்க வேண்டியுள்ளது. தாடியை மழிக்கச் சொல்வோம். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வோம். மூக்குத்தியைக் கழற்றுவது அமங்கலம் என்று வருந்தும் அம்மாக்களைக் கண்டிருக்கிறோம். அதைப் பத்திரமாக மகள் கையிலோ மருமகள் கையிலோ ஒப்படைக்கிறோம். குணமானதும் மீண்டும் அணியலாம். கட்டுப்பல் இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். நெற்றியில் திருநீறோ குங்குமமோ இடலாம்; கவசத்தின் விளிம்பில் படாதவாறு சிறிதளவு போதும். ஆனால் ஆக்சிஜன் இருக்குமிடத்தில் கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு எதையும் ஏற்றுதல் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள தைலங்களை மூக்கிலும் உதட்டிலும் தடவுவதும் வேண்டா. செறிந்த ஆக்சிஜனில் அவை தீப்பற்ற ஏதுவாகும்.

எல்லாவற்றிலும் கடினமானது உணவு. “காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாய்க் கஞ்சியாவது கொடுக்கிறேன்” என்று கவசத்தைத் தாமாகவே கழற்றிவிடும் உறவினர்களின் அன்பை நாங்கள் அறிவோம். கவசத்தின் காற்று வயிற்றிலும் சென்று உப்பியிருக்கும். அந்நேரத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். கவசத்தைக் கழற்றிய சில நொடிகளில் ஆக்சிஜன் சரியக்கூடும். திறந்து வைத்த காற்றறைகள் மீண்டும் மூடிக்கொள்ளவும் கூடும். எப்போது கழற்றலாம், எவ்வளவு நேரம், எதை உண்ணலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டே செய்யுங்கள். தேவையெனில் மூக்கின் வழியாக உணவுக்குழாய் வைத்து ஊட்டம் அளிக்கிறோம்.

வீட்டிலேயே செய்யலாகாதா?

உயர்வேக நாசிக் குழாய் நிமிடத்திற்கு 60 லிட்டர் வேகத்தில் முழு ஆக்சிஜனையும் பயன்படுத்தினால் ஒரு மணி நேரத்திற்கு 3,600 லிட்டர் செலவாகும். ஏழு கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரம்கூட வாராது. வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி நிமிடத்திற்கு 5 அல்லது 10 லிட்டர்தான் தரும். 2021இல் இரண்டாம் அலையின்போது நாடெங்கும் சிலிண்டருக்காக மக்கள் அலைந்த காட்சி எவர்க்கும் மறந்திராது. ஆகவே ஆக்சிஜன் அளவு சரியத் தொடங்கியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதும், உயர்வேகத் துணையில் இருப்பவரைத் தக்க ஏற்பாடின்றி ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதும் ஆபத்தானவை. வேறு மருத்துவமனைக்கு மாற்ற விரும்பினால் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்நேரத்தில், எவ்வகை ஊர்தியில் செல்வது பாதுகாப்பானது என்பதைச் சேர்ந்தே முடிவுசெய்யலாம்.

குழாய் எப்போது தேவை?

இனி, நீங்கள் அஞ்சும் கேள்விக்கு வருகிறோம்.

உயர்வேக நாசிக் குழாயில் இருப்பவர் தேறுகிறாரா என்பதை அறிய எளிய கணக்கொன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். விரலில் காட்டும் ஆக்சிஜன் அளவை, நாங்கள் கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து, வரும் எண்ணை ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கையால் மீண்டும் வகுப்போம். 60 விழுக்காடு ஆக்சிஜனில் அளவு 94, மூச்சு 24 என்றால் விடை ஏறத்தாழ 6.5. 80 விழுக்காடு ஆக்சிஜனில் அளவு 92, மூச்சு 36 என்றால் விடை ஏறத்தாழ 3.2. விடை 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தத் துணையே போதுமானதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. பன்னிரண்டு மணி நேரம் கழிந்தும் 3.85க்குக் கீழே இருந்தால் இது தோற்கும் வாய்ப்பு மிகுதி. திரையில் தெரியும் 94, 92 என்ற இரு எண்களும் உறவினர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்த இரு நோயாளிகளின் நிலையும் ஒன்றன்று.

எண்களோடு நோயாளியையும் பார்க்கிறோம். கழுத்துத் தசைகள் துடிக்க மூச்சு இழுத்தல், ஒரு சொற்றொடரை முடிக்க இயலாமை, குழப்பம், மீறிய உறக்கம், இரத்த அழுத்தம் சரிதல், சளியை வெளியேற்ற இயலாமை ஆகியவை தோன்றினால் குழாயின் நேரம் வந்துவிட்டது என்று கொள்கிறோம். மூச்சுத் தசைகளும் தசைகளே. ஓடிக் களைத்த கால்களைப்போல் அவையும் ஒருகட்டத்தில் ஓய்ந்துவிடும். தோற்றுப்போன துணையை நாள்கணக்கில் நீட்டித்து, கடைசி நொடியில் குழாய் செலுத்தப்பட்டவர்களுக்கு முடிவு மோசமாக அமைவதை ஆய்வுகள் சுட்டியுள்ளன.

“மெஷின் வைத்தவர் திரும்புவதில்லை” என்ற நம்பிக்கை தனக்குத்தானே சான்று தேடிக்கொள்வது இங்கேதான். அச்சத்தால் ஒப்புதல் தாமதமாகிறது. தாமதத்தால் நோயாளி முற்றிலும் களைத்த நிலையில் குழாய் வைக்கப்படுகிறது. அவர் பிழைக்காதபோது, குழாயே காரணம் என்று ஊர் சொல்கிறது. வெண்டிலேட்டரிலிருந்து மீண்டு, நடந்தே வீடு சென்றவர்களும் பலர். எல்லோரும் மீள்வார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. முதியவர்க்கும் பிற நோய்கள் உள்ளவர்க்கும் ஆபத்து கூடுதல்தான். உரிய நேரத்தில் வைத்தால் வாய்ப்பு கூடுகிறது என்பதே நாங்கள் சொல்வது.

நோயாளியிடம் பேசுங்கள்

“அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், பயந்துவிடுவார்” என்று எங்களைத் தனியே அழைத்துச் சொல்லாத குடும்பம் அரிது. ஆயினும் குழாயில்லாத் துணையில் இருக்கும் நாள்கள் ஒரு வாய்ப்பையும் தருகின்றன: நோயாளி விழித்திருக்கிறார், பேச வல்லவராக இருக்கிறார். குழாய் வைத்தபின் அது இயலாது. நிலைமை மோசமானால் வெண்டிலேட்டர் வேண்டுமா, அதன் பயனும் துன்பமும் யாவை, அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பனவற்றை அவரிடமே மெல்லக் கேட்பது நன்று. அவர் அஞ்சுவதைவிட, எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று உணர்வதே அவரைக் கூடுதலாக வருத்துவதைக் கண்டிருக்கிறோம்.

மிக முதிர்ந்தவர்களும், நெடுநாள் நோயால் நலிந்தவர்களும், குழாய் வேண்டா என்று தெளிவாகச் சொல்வதுண்டு. அப்போது முகக்கவசமே சிகிச்சையின் மேலெல்லையாக அமையும். சிலர் அதிலேயே தேறுகிறார்கள். தேறாதவர்க்கு மூச்சுத்திணறலின் வேதனையைத் தணிக்கும் மருந்தளித்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்கிறோம். சிகிச்சையை நிறுத்திவிட்டோம் என்று எண்ணி உறவினர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

உங்களுக்கான சில வேண்டுகோள்கள்

குடும்பத்தில் ஒருவரை எங்களோடு பேசுபவராக நியமியுங்கள். அவருடைய தொலைபேசி இரவிலும் திறந்திருக்கட்டும். நோயாளி வழக்கமாக உண்ணும் மருந்துகளின் பட்டியலையும், கண்ணாடியையும், காதுக் கருவியையும் கொண்டுவாருங்கள். காண வரும்போது முகக்கவசம் அணிந்து, கைகழுவி வாருங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் வராதிருங்கள். படுக்கையருகே ஒலிக்கும் ஒவ்வோர் எச்சரிக்கை மணிக்கும் பதற வேண்டா. எனினும் கவசம் நழுவியிருந்தாலோ, நோயாளி திடீரெனக் குழம்பினாலோ உடனே செவிலியரை அழையுங்கள். “நேற்றைவிட இன்று ஆக்சிஜன் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?” என்று எங்களைக் கேளுங்கள். திரையிலுள்ள எண்ணைவிட அந்த விடையே நோயின் போக்கைத் தெளிவாகச் சொல்லும்.

தேறியவரின் கவசத்தை ஒரேயடியாக அகற்றுவதில்லை. பகலில் சில மணி நேரம் விலக்கி இரவில் மீண்டும் அணிவித்து, படிப்படியாகக் குறைக்கிறோம். வீடு திரும்பிய பின்னும் பல வாரங்கள் களைப்பு நீடிக்கலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கலாம். நாள்தோறும் சிறிது நடையும், கற்றுக்கொடுத்த மூச்சுப்பயிற்சியும், புகையை அறவே விடுதலும் துணைசெய்யும். மீண்டும் காய்ச்சல், மார்புவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கூடிவரும் மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் வந்துவிடுங்கள். முதியோரும், கர்ப்பிணிகளும், நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா உள்ளோரும் ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது குறித்து எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்டறியலாம்.

அடுத்த முறை வாசலில் எங்களைக் காணும்போது, “மெஷின் வைத்துவிட்டீர்களா?” என்பதோடு நில்லாமல், “இப்போது எந்தப் படியில் இருக்கிறார்? அடுத்த படி எப்போது தேவைப்படலாம்?” என்றும் கேளுங்கள். விடை நல்லதோ அல்லதோ, உள்ளதை உள்ளவாறே நாங்கள் சொல்வோம்.